நாலு வருஷமாகக் கம்போஸ்ட் போட்ட மண் இப்போது எப்படி இருக்கிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்போஸ்ட் போட்டு எங்கள் அபார்ட்மென்ட் தோட்டத்தில் பூ கூடியதா என்று கேட்டால், முதல் வருடம் பெரிதாக ஒன்றும் இல்லை. மாறியது மண் தண்ணீரைக் குடிக்கும் விதம்தான். அதுவும் இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

பெங்களூர் ராமமூர்த்தி நகர் பக்கம் எங்கள் கட்டடம். இந்த ஊர்ச் செம்மண்ணில் கரிமச்சத்து ஏற்கெனவே குறைவு. எங்களுடையது அதிலும் மோசம்: பில்டர் வேலை முடிந்ததும் சிமென்ட் தூள், ஜல்லியோடு சேர்த்துக் கொட்டி, லாரி ஏறி இறங்கி இறுகிய மண். வெயில் காலத்தில் கடப்பாரை இறங்காது. செப்டம்பர், அக்டோபர் மழைக்கு உள்ளே ஒரு சொட்டும் இறங்காமல் சிவப்பாகப் பேஸ்மென்ட் ராம்ப் வழியே ஓடும்.

உரத்துக்காக அசோசியேஷன் முதலில் வாங்கியது, ‘24 மணி நேரத்தில் கம்போஸ்ட்’ தரும் மின்சார மெஷின். காய்கறிக் கழிவைச் சூடாக்கி, அரைத்து, ஈரத்தை வற்றவைத்து ஒரு பழுப்புத் தூளைத் தருகிறது. பார்க்க ஃபில்டர் காபித்தூள் மாதிரி அழகாக இருக்கும். தண்ணீர் தெளித்தால் இரண்டு நாளில் பூசணம், புளித்த வாடை, கொசுறாக ஈ.

“மேடம், இது இன்னும் வேகவே இல்லை. செடிக்குப் போட்டா வேர் போயிடும்” என்றார் தோட்டக்கார அண்ணன். தருமபுரிக்காரர், எருக்குழி பார்த்து வளர்ந்தவர். அவர் சொன்னது சரிதான். காய்ந்த கழிவு உரமாகிவிடாது. அது மண்ணுக்குள் போய் மக்கத் தொடங்கினால் வேரைச் சுற்றி ஆக்ஸிஜன் குறையும், அமிலமும் அம்மோனியாவும் வேரைத் தாக்கும். மக்காத சருகு அதிகம் கலந்திருந்தால் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனையும் பிடித்துவைத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும்.

அதனால் இப்போது அந்தத் தூளும் சரி, நேரடியாக வரும் சமையல் கழிவும் சரி, கம்பிவலைக் கூண்டுக்குத்தான் போகின்றன. தெருவில் தூங்குமூஞ்சி மரங்கள் கொட்டும் சருகுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி சருகு. சருகில் கார்பன் அதிகம், ஈரக் கழிவில் நைட்ரஜன் அதிகம்; இரண்டின் விகிதம் 25 முதல் 30-க்கு ஒன்று என்று கணக்குச் சொல்வார்கள். ஈரம் சரியா என்பதை அண்ணன் கையில் பிழிந்து பார்த்தே சொல்லிவிடுவார். கலவை சரியாக அமைந்தால் குவியலின் நடுப்பகுதி 55 டிகிரியைத் தாண்டும். களைவிதைகள் சாக அந்தச் சூடு வேண்டும். அப்புறம் கிளறல்.

இதில் ஒரு வேடிக்கை. குழியில் அடுக்கி, மேலே மண் பூசி, கிளறாமலே ஆறு முதல் எட்டு மாதம் விட்டுவிடும் முறைக்குப் ‘பெங்களூர் முறை’ என்றே பெயர். விஞ்ஞானி சி.என். ஆச்சார்யா 1939-இல் உருவாக்கியது. கிளறிக் கிளறிச் சீக்கிரம் மக்கவைப்பது ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்டின் இந்தூர் முறை. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் செய்வதோ இந்தூர் முறையை ஒட்டியது. பேஸ்மென்ட் ஸ்லாபுக்கு மேலே குழி எங்கே தோண்டுவது?

உரம் தயாரா என்று பார்க்க ஒரு கைப்பிடியை நனைத்து ஜிப் கவரில் மூடி மூன்று நாள் வைப்பேன். திறந்ததும் மழை பெய்த மண் வாசனை வந்தால் சரி. மூக்கைக் குத்தினால் திரும்பக் கூண்டுக்கு. சந்தேகம் வந்தால் அதிலேயே கொஞ்சம் வெந்தயம் விதைத்து, ஒழுங்காக முளைக்கிறதா என்று பார்ப்பேன்.

விலைக்கும் ஒருமுறை வாங்கினோம், ஒரு நர்சரியில். மூட்டையைச் சலித்தால் ஷாம்பு சாஷே துண்டு, கண்ணாடிச் சில்லு. நகரக் கம்போஸ்டுக்கு, அதாவது ஊர்க் குப்பையிலிருந்து செய்யும் உரத்துக்கு, அரசு விதித்த தரப்படி குறைந்தது 90 சதவீதம் 4 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும், ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த மூட்டையில் இது எதைப் பற்றியும் ஒரு வரி அச்சடிக்கவில்லை. கீரைப் பாத்திக்குப் போட மனசு வரவில்லை, குரோட்டன்ஸ் வரிசைக்குப் போய்விட்டது.

அளவு: வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், இரண்டரை சென்டிமீட்டர் கனம். சதுர மீட்டருக்கு 25 லிட்டர் வரும். கொத்திக் கலப்பதில்லை, மேலே பரப்பினால் மண்புழு இழுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் போர்வெல் தண்ணீரே உப்பு. கம்போஸ்டிலும் உப்பு உண்டு, பாஸ்பரஸும் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

மாற்றத்தைக் கண்ணால் பார்க்க எளிய வழி: காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். பேஸ்மென்ட் ஓரத்தில் உரம் படாத இடத்துக் கட்டி, விட்ட உடனே குமிழ் விட்டுப் பொலபொலவென்று கரைந்து அடியில் சேறாகிவிடும். உரம் போட்ட செம்பருத்திப் பாத்திக் கட்டி வெகுநேரம் அப்படியே நிற்கிறது, தண்ணீரும் கலங்குவதில்லை. மண் பரிசோதனையில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே ‘குறைவு’ என்றிருந்தது, இப்போது ‘நடுத்தரம்’. வெயில் காலத்தில் தினமும் விட்ட தண்ணீரை இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் விடுகிறோம்.

இந்த உற்சாகத்தில் ஆனேக்கல் பக்கம் தக்காளி போடும் சித்தப்பாவிடம் கம்போஸ்ட் புராணம் பாடினேன். “இரண்டரை சென்டிமீட்டர்னா ஏக்கருக்கு எவ்வளவுன்னு போட்டுப் பாரும்மா” என்றார். நூறு கன மீட்டர்! மூட்டை விலையை விடுங்கள், ஏற்றி இறக்கும் கூலியே கட்டாது. சத்துக் கணக்கும் அப்படித்தான். நகரக் கம்போஸ்டில் நைட்ரஜன் குறைந்தபட்சம் 0.8 சதவீதம் என்றால் டன்னுக்கு 8 கிலோ, அதிலும் முதல் வருடம் செடிக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலேயே கிட்டத்தட்ட 20 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அதனால் அவர் நாற்று நடும் குழிக்கு மட்டும் கைப்பிடி கைப்பிடியாகப் போடுகிறார், யூரியாவைக் குறைத்திருக்கிறார், விடவில்லை. வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் குப்பை மேலாண்மை கற்றுத்தரும் ஸ்வச்சாகிரஹா கலிகா கேந்திராவுக்குப் போய் வகைவகையான கம்போஸ்ட் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வாங்கலாம். எங்கள் மெஷினுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் அடுத்த மாதக் கூட்டத்தில் வருகிறது. நான் வேண்டாம் என்றுதான் கை தூக்கப்போகிறேன். அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு கூண்டும் ஒரு நல்ல சல்லடையும் வரும்.