நெற்றி விளக்கின் வெளிச்சம் கூட்ட: ரெசிஸ்டரா, எல்இடியா, வயரா?

காரைக்குடிக் கடைவீதியில் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும் நெற்றி விளக்குகளின் அட்டையில் எத்தனை ஆயிரம் லூமன் (வெளிச்சத்தின் அளவு) வேண்டுமானாலும் அச்சிட்டிருப்பார்கள். இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனால் உண்மை தெரிந்துவிடும். வரப்பில் கிடப்பது குச்சியா பாம்பா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்ட மூன்று வழிகள் உண்டு: மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை மாற்றலாம், எல்இடியையே மாற்றலாம், செல்லையும் வயரையும் மாற்றலாம். என் கட்சி மூன்றாவது.

அதற்கு முன் ஒன்றை ஒதுக்கிவிடுகிறேன். சுவர் பிளக்கில் நேராகச் செருகும் இரண்டு முள் கொண்ட விளக்குகளில் பெரும்பாலும் 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி இருக்கும். சார்ஜ் ஏறும்போது உள்ளே வீட்டு மின்சாரமே ஓடிக்கொண்டிருக்கலாம். அதில் லித்தியம் செல்லைப் போட்டால் நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் சார்ஜ் ஏறி, தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. அவற்றைத் திறக்கவே வேண்டாம். இங்கே பேசுவது 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல் போடும் வகையைப் பற்றி.

ரெசிஸ்டர் வழிக்குச் செலவு இரண்டு ரூபாய் ஆகாது. செல் 3.7 வோல்ட், எல்இடி ஏறத்தாழ 3 வோல்ட். நடுவே 2 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், மிஞ்சும் 0.7 வோல்ட்டால் 350 மில்லிஆம்பியர் ஓடும். அதன் மேலேயே இன்னொரு 2 ஓமை இணையாகப் பற்றவைத்தால் மொத்தம் 1 ஓம் ஆகிவிடும். மின்னோட்டம் சரியாக இரட்டிப்பாகாது. ஓட்டம் கூடக் கூட எல்இடியும் கூடுதல் வோல்ட் கேட்கும். அப்படியே வெளிச்சம் இரண்டு மடங்கானாலும் கண் அதை இரண்டு மடங்காக ஏற்பதில்லை. இரட்டிப்பாகத் தெரிய ஏறத்தாழ நான்கு மடங்கு வேண்டும். சூடு மட்டும் கணக்குத் தவறாமல் ஏறும், பிளாஸ்டிக் கூட்டுக்கு அதை வெளியேற்றத் தெரியாது.

எல்இடி மாற்றம்தான் ஆசை காட்டும் வழி. கிரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல்2 போன்ற ஒன்று 3 ஆம்பியர் வரை தாங்கும். 3 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 10 வாட், அதில் பாதிக்கு மேல் சூடு. அதை நெற்றியில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துக் கட்டிக்கொள்வது இட்லிச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொள்வதுபோல. அலுமினியத் தலை உள்ள விளக்கென்றால் கதை வேறு. அங்கேயும் நான் 3 ஆம்பியருக்குப் போகமாட்டேன். ஏஎம்சி7135 என்ற மின்னோட்டக் கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொன்றும் 350 மில்லிஆம்பியரை நிலையாகத் தரும். மூன்று போட்டால் 1 ஆம்பியர் சொச்சம். செல் நன்றாக இறங்கும் வரை வெளிச்சம் ஒரே சீராக நிற்கும். ரெசிஸ்டரால் இது முடியாது. இந்த வழியின் உண்மையான பலன் இதுதான். ஒரு குறை: ஒளி விடும் பரப்பு பெரிதாக உள்ள எல்இடியை ஜூம் லென்ஸுக்குப் பின்னால் வைத்தால் விழும் சதுரமும் பெரிதாகும், தூரத்து வெளிச்சம் எதிர்பார்த்த அளவு கூடாது. கண்மாய்க்கரை வரை அடிக்க வேண்டும் என்பவர் ஒளிப்பரப்பு சிறிய எல்இடியைத் தேட வேண்டும்.

இனி வயர். விளக்கு நெற்றியில், செல் டப்பா பின்மண்டையில். நடுவே தலைமுடி கனத்தில் சில செப்பு இழைகள். அந்த வயரும் செல்லை அழுத்திப் பிடிக்கும் எஃகு ஸ்பிரிங்கும் சேர்ந்து 0.3 ஓம் தடை வைத்தாலே 1 ஆம்பியரில் 0.3 வோல்ட் வழியில் காணாமல் போகும். செல்லுக்கும் எல்இடிக்கும் இடையே இருப்பதே 0.7 வோல்ட்தான், அதில் பாதியை நெருங்கும் இழப்பு இது. வயரைச் சற்றுத் தடிமனாக்கி, ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் செப்புப் பின்னலால் இணைத்தால் போதும். ஆனால் ரெசிஸ்டரே இல்லாமல் வரும் மலிவு விளக்குகளில் மெல்லிய வயர்தான் கடிவாளம். அங்கே இதைச் செய்தபின் மல்டிமீட்டர் வைத்து ஓட்டத்தை அளந்தே தீர வேண்டும்.

செல்லைப் பற்றி: நல்ல 18650 செல்களே பொதுவாக 3500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவில்தான் நிற்கும். 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை (சிக்ரி) ஊரிலேயே வைத்துக்கொண்டு, '9900' என்று அச்சிட்ட செல்லை நாம் நம்பி வாங்குகிறோம்! தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் ஏறத்தாழ 45 கிராமாவது இருக்கும்.

வயலை விட்டு வீட்டுக்குள் வந்தால் தேவை தலைகீழ். கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் வயரிங் பார்க்கப் போகிறவருக்குக் கூர்மையான ஒளி எதிரி. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு பளபளவென்று ஒளியைத் திருப்பிக் கண்ணில் அடிக்கும். தேக்கு உத்தரமோ விழுந்ததையெல்லாம் விழுங்கிவிடும். லென்ஸை உள்ளே தள்ளி ஒளியை விரித்தால் மொத்த வெளிச்சமே கூடும். ஜூமில் பக்கச் சுவரில் பட்டு வீணாவது இப்போது வெளியே வருகிறது. செலவில்லாத வழி.

தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்கள் எதையும் கூட்டாமல் இருப்பதே நல்லது. 2500 மில்லிஆம்பியர்-மணி செல் 350 மில்லிஆம்பியரில் 7 மணி நேரம் வரும். 1 ஆம்பியரில் இரண்டரை மணி நேரத்தில் கைவிடும். எதிரே வரும் பஸ் ஓட்டுநரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கால் நடப்பவருக்கே ஆபத்து. அந்தக் காசுக்கு முதுகுப் பைக்கு ஒரு சிவப்பு விளக்கும் ஒளிரும் பட்டையும் வாங்கலாம்.