துண்டுக் காட்சியா, முழு ஆட்டமா?

மேசையில் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் தள்ளும் பூல் விளையாட்டின் பழைய ஆட்டப் பதிவுகளைப் பகிர்வதில் எங்கள் மதுரை நண்பர்கள் இரண்டு கட்சி. முதல் கட்சி வாட்ஸ்அப்பில் துண்டுக் காட்சி அனுப்பும். 1995-இல் பிலிப்பைன்ஸ் வீரர் எஃப்ரன் ரேயஸ் வெள்ளைப் பந்தை மேசையின் இரு ஓரங்களில் மோதவிட்டு, மறைந்திருந்த பந்தைக் குழியில் தள்ளிய அடியைப் பார்க்க மாட்டுத்தாவணியில் பஸ் வரும்வரை நேரம் போதும்.

நான் முழு ஆட்டத்தையும் ஏற்றிக் கொடுக்கும் பென் டிரைவ் கட்சி. 1996-இல் ஹாங்காங்கில் அமெரிக்க வீரர் ஏர்ல் ஸ்டிரிக்லண்டை ரேயஸ் 120–117 என்ற ஆட்டக் கணக்கில் வென்றார். இந்த மூன்று ஆட்ட வித்தியாசத்தின் வலி துண்டுக் காட்சியில் எங்கே தெரியும்? குழியில் போடாமல், எதிராளிக்கு வழி தெரியாதபடி வெள்ளைப் பந்தை ஒளித்துவைப்பதுதான் பாதி வித்தை; கைதட்டல் விழாத அந்த அடிகளைத்தான் வெட்டி எறிகிறார்கள், பாவிகள்!

ஒரே தொல்லை: தேய்ந்த ஒளிநாடாவிலிருந்து ஏற்றிய படத்தில் சிவப்பு நிற 3-ஆம் எண் பந்தையும் அரக்கு நிற 7-ஆம் எண் பந்தையும் பிரித்தறியக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது.