வில்சன் 'டியூக்' பந்து: ஓடுகிறவர் கைக்கு எப்படி?

அமெரிக்கக் கால்பந்துப் பந்துக்குப் 'பன்றித்தோல்' என்று செல்லப்பெயர் உண்டு. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் ஆட்டங்களில் பயன்படும், வில்சன் நிறுவனத்தின் டியூக்கோ அசல் மாட்டுத்தோல். தோல் சிகாகோவின் ஹார்வீன் ஆலையில் பதமாகிறது. ஒஹாயோ மாநிலத்தின் ஏடா ஊரில் நான்கு துண்டுகளை உள்புறம் வெளியே தெரியத் தைத்து, ஆவியில் இளக்கித் திருப்பி, காற்று நிரம்பும் உள்பையான பிளாடரை நுழைத்து லேஸ் கட்டுகிறார்கள். தையலில் குறை சொல்ல இடமில்லை. விலைதான் உறுத்தும்: அசல் தோல் பந்து 100 டாலருக்கு மேல்.

புதுப் பந்து வழுக்கும். மேலே மெழுகு போன்ற பூச்சு இருக்கும். அப்படியே பயிற்சிக்கு எடுத்துப்போய்ப் பந்தைத் திட்டுபவர்கள்தான் அதிகம். ஈரத்துணியால் துடைத்து, கெட்டியான பிரஷ்ஷால் புள்ளிப் புடைப்புகளுக்கு நடுவே தேய்க்க வேண்டும். நிழலில் உலர்ந்ததும் பந்துக்கென்றே விற்கும் கண்டிஷனரை மெல்லிசாகத் தடவி மறுபடி பிரஷ். சில நாள் இதைத் திரும்பச் செய்தால் நிறம் கருத்து, பிடி ஒட்டத் தொடங்கும். ஹீட்டர் பக்கத்தில் காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும்.

காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) இருக்க வேண்டும். ஊசியை நனைக்காமல் செருகினால் வால்வு கிழியும். அறைக்குள் 24 டிகிரி செல்சியஸில் நிரப்பிய பந்து 9 டிகிரி மைதானத்தில் ஒன்றரை பிஎஸ்ஐ வரை இழக்கும். அது ஓட்டை அல்ல, குளிர். வெளியே கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

எவ்வளவு பதப்படுத்தினாலும் பிடி தப்பென்றால் பந்து நழுவும். என்எஃப்எல் அணியான நியூயார்க் ஜயன்ட்ஸில் பந்தோடு ஓடும் வீரர் டிக்கி பார்பர் 2002, 2003 இரண்டு பருவங்களிலும் தலா 9 முறை பந்தை நழுவவிட்டார். 2004இல் பயிற்சியாளராக வந்த டாம் காஃப்லின் காலத்தில் பிடி மாறியது: மணிக்கட்டு முழங்கைக்கு மேலே, பந்து நிமிர்ந்து மார்போடு. அந்த ஆண்டு 5, அடுத்த ஆண்டு ஒன்றே ஒன்று. அந்த 2005 பருவத்தில் அவர் பந்தோடு ஓடிய தூரமோ 1,860 யார்டு. விரல்கள் பந்தின் முனையை மூட, உள்ளங்கை, முன்கை, புயம், விலா ஆகியவையும் பந்தைத் தொட வேண்டும். விலாவுக்கும் பந்துக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் எதிராளியின் கை அங்கேதான் புகும். எதிரணி வீரர்களின் கூட்டத்துக்குள் நுழையும்போது மற்றக் கையும் மேலே வரட்டும்.

'டியூக்' என்பது அதே ஜயன்ட்ஸின் உரிமையாளர் வெலிங்டன் மாராவின் பட்டப்பெயர். 1941 முதல் 1969 வரை இருந்த பெயர், அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 2006இல், திரும்பி வந்தது. பார்பரின் கடைசிப் பருவமும் அதுவே.

மழையில் தோல் பந்து நீர் குடித்துக் கனக்கும். ஈரத்தில் பழக மலிவான செயற்கைத்தோல் பதிப்பே போதும். உலர்ந்த நாளில் அதன் பிடி அசலுக்குக் கிட்டேகூட வராது. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டியூக் வேண்டாம்: முனையை விரல்களால் மூட முடியாமல் தப்பான பிடி பழகிவிடும். 12 முதல் 14 வயதுக்கு வில்சனின் டிடிஒய் அளவு, அதற்கும் சிறியவர்களுக்கு டிடிஜே.