முகம் அச்சிட்ட டி-சர்ட்: எந்த முகம் துணியில் நிற்கிறது?

ஒருவர் தன் காலத்தைத் தாண்டிய அடையாளமாகிவிட்டாரா என்று பார்க்க டி-சர்ட்டை விடக் கறாரான சோதனை இல்லை. ஒரே நிற மை, சாம்பல் நிழல் கிடையாது, பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். அப்போதும் பெயர் சொல்ல முடிந்தால் அந்த முகம் தேறியது.

முதலிடம் சே குவேராவுக்குத்தான். 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஆல்பர்டோ கோர்டா எடுத்த படத்தில் ஒரு பக்கம் வேறொருவரின் முகமும் மறுபக்கம் பனை ஓலையும் இருந்தன. அவற்றை வெட்டி எடுத்ததுமே பாதி வேலை முடிந்தது. பிறகு அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் 1968 வாக்கில் நிழல்களை நீக்கிக் கறுப்பு, சிவப்பாக்கி, உரிமை கோராமல் பரவவிட்டார். தொப்பி, முடி, தாடி எல்லாமே கெட்டியான திட்டுகள் என்பதால் ஒரே ஸ்கிரீனில் (படத்தின் வடிவில் மட்டும் மையைத் துணிக்கு இறக்கும் வலைச் சட்டம்) அச்சு முடிந்துவிடும். மட்டமான அச்சிலும் ஆள் தெரிகிறார்.

ஆனால் கறுப்புத் துணியில் கவனம் தேவை. வெள்ளைத் துணிக்குச் செய்த ஸ்கிரீனிலேயே வெள்ளை மையைப் போட்டு இழுத்தால் படம் நெகட்டிவாகிவிடும்: தாடி வெள்ளை, கன்னம் கறுப்பு. கறுப்புத் துணிக்கு வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் அச்சிடும் தனி ஸ்கிரீன் வேண்டும். புருவம் வெள்ளையாக இருந்தால் வாங்காதீர்கள்.

ஐன்ஸ்டைன் கடினமான முகம். 1951 மார்ச் 14 அன்று, தன் 72ஆவது பிறந்தநாளில், அவர் நாக்கை நீட்டிய படத்துக்குச் சுருக்கங்கள்தான் உயிர். அவற்றைப் புள்ளிகளாக உடைத்துத்தான் அச்சிட முடியும். அங்குலத்துக்கு 45 முதல் 55 வரிசைப் புள்ளிகள் என்பது துணிக்கு ஏற்ற அளவு. அதற்கு மேல் நெருக்கினால் மை பரவிப் புள்ளிகள் ஒட்டிக்கொள்ள, கன்னம் கறையாகிவிடும். வெள்ளை டி-சர்ட்டில் அவருடைய நரைமுடியும் துணியோடு கரைந்துபோகிறது. அடர் நிறத் துணியே எடுங்கள்.

பாரதிக்கு முண்டாசும் மீசையும் போதும், கண்ணே வேண்டாம். 1921இல் மறைந்தவரின் புகைப்படங்கள் மிகச் சிலவே எஞ்சின. அதனால் யார் வரைந்தாலும் அதே உருவம்தான் வருகிறது. கெடுவது படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போடும் கவிதை வரியால். ண, ன போன்ற எழுத்துகளின் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். எழுத்து சிறிதாக இருந்தால் சுழி திறந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்றைய நட்சத்திரங்கள் இந்தச் சோதனையில் தடுமாறுகிறார்கள். புகழ் குறைவு என்பதால் அல்ல. ஆளுக்கு லட்சக்கணக்கில் படங்கள் இருப்பதால் எந்த ஒன்றும் மனத்தில் உறைவதில்லை. மெஸ்ஸியின் தாடி முகத்தை ஒரே நிறத்தில் அச்சிட்டால் யாரோ ஓர் இளைஞர். 10ஆம் எண் சேர்ந்தால்தான் அவர், அந்த எண்ணும் பெலேவிடமும் மரடோனாவிடமும் இருந்ததுதான். ஆகவே இவர்களின் முகங்கள் பெரும்பாலும் டிடிஎஃப் எனும் வண்ணப் படலமாக ஒட்டப்படுகின்றன. புதிதில் பளபளப்பு, ஆனால் மார்பு முழுக்க மூடும் பெரிய படலத்தில் காற்று புகாது, வியர்க்கும். படலம் வேண்டுமென்றால் உள்ளங்கை அளவுப் படமாக எடுங்கள்.

துணி 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) பருத்தியாக இருந்தால் நல்லது. மெல்லிய துணி தொய்ந்து முகத்தை இழுத்துவிடும். கடையிலேயே அச்சை இரு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் மை முழுதாக வேகவில்லை. வழக்கமான பிளாஸ்டிசால் மைக்குச் சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு அடிவரை இறங்க வேண்டும்; அவசரத்தில் மேல்பரப்பு மட்டும் காய்ந்தது சில துவைப்பிலேயே உதிரும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரிப் பெட்டி அச்சின் மேல் நேராகப் படவே கூடாது.