ஹெட்டைக் கழற்றும் முன்: பம்பா, நீலத் திரவமா, காற்றா?

காலை முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் குலுங்குகிறது, ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது (டீசல் சரியாக எரியாமல் விட்டுவிடுகிறது), வெண்புகை வருகிறது. அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்குகிறது. தரையிலோ ஒரு சொட்டு ஈரம் இல்லை. 14 அடி டீசல் லாரியை இந்த நிலையில் சிங்கப்பூரில் காக்கி புக்கிட்டிலோ சுங்கை காடுட்டிலோ ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனால், "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும்" என்று சொல்லிவிடுவார்கள். ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி; கேஸ்கட் அதன் அடியில் இருக்கும் அடைப்புத் தகடு. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் ஹெட்டில் கை வைக்க விடாதீர்கள்.

மிஸ் எப்போது வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள். நாள் முழுவதும் வந்தால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் மீதுதான் முதல் சந்தேகம். கூலண்ட் குறைவது வேறு கதையாக இருக்கக்கூடும். காலையில் மட்டும் வந்தால் இரண்டும் ஒரே நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜினை நிறுத்திய பிறகும் கூலண்டில் அழுத்தம் நெடுநேரம் நிற்கும். அது இரவில் ஏதோ ஒரு வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீரைத் தள்ளுகிறது.

அந்த வழியைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் உண்டு. என் வாக்கு அழுத்தப் பம்புக்கு. இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் வாயில் அதைப் பொருத்தி, மூடியில் பொறித்திருக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்ற வேண்டும். ஜப்பானிய லாரிகளில் பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 (ஏறக்குறைய பார் கணக்கு) என்றிருக்கும். அதை மீறினால் நல்ல ஹோஸும் பிய்ந்துவிடும். வெளியே கசிவில்லாமல் பம்பின் அழுத்த முள் இறங்கினால் தண்ணீர் உள்ளேதான் போகிறது. இரவு முழுதும் அப்படியே விட்டுவிட்டு, காலையில் க்ளோ பிளக்குகளை (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்குபவை) கழற்றி ஸ்டார்ட்டரை ஒரு நொடி சுழற்றினால் குற்றவாளிச் சிலிண்டரின் துளையிலிருந்து தண்ணீர் சீறும். முகத்தை விலக்கி நில்லுங்கள். பிறகு மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பாருங்கள். மற்ற பிஸ்டன்களின் தலையில் கரி அப்பியிருக்கும். இந்த ஒன்று மட்டும் ஆவியில் கழுவப்பட்டு, புதுப் பாத்திரம்போல வெள்ளையாக மின்னும். அதைப் பார்த்த பின் வாதத்துக்கு இடமில்லை. க்ளோ பிளக் இல்லாத இன்ஜினில் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். வேலை கூடும், முடிவு அதேதான்.

நீலத் திரவச் சோதனை விரைவானது, மலிவானது. ரேடியேட்டர் வாயில் எழும் காற்றைத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். கரியமில வாயு இருந்தால் நீலம் பச்சையாகி, மஞ்சளுக்குத் திரும்பும். பெட்ரோல் வாகனத்துக்கு நல்ல சோதனை. டீசல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அதன் புகையில் கரியமில வாயு மிகக் குறைவு என்பதால், கசிவு இருந்தும் நிறம் மாறாமல் போகலாம். அதனால் "நிறம் மாறவில்லை, கேஸ்கட் நன்றாக இருக்கிறது" என்ற தீர்ப்பை டீசல் லாரியில் ஏற்க முடியாது. இன்னொன்று, எந்தச் சிலிண்டர் என்பதையும் இது சொல்லாது.

காற்றுச் சோதனை சொல்லும். பிஸ்டனைக் கம்ப்ரெஷன் உச்சத்தில் நிறுத்தி, சிலிண்டருக்குள் காற்றை ஏற்றினால், கூலண்டுக்குள் கசிவு இருந்தால் ரேடியேட்டரில் குமிழி எழும். பக்கத்துச் சிலிண்டரில் சீறல் கேட்டால் இரண்டுக்கும் நடுவே கேஸ்கட் எரிந்திருக்கிறது. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. துல்லியம் அதிகம், நேரமும் அதிகம். பம்ப் சந்தேகத்தை உறுதி செய்த பிறகு இதற்குச் செலவிடுவதுதான் நியாயம்.

பம்பையும் நீலத் திரவத்தையும் ஏமாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது: இஜிஆர் கூலர், அதாவது இன்ஜினுக்குள் திருப்பி விடப்படும் புகையைக் கூலண்டால் குளிர்விக்கும் பாகம். அது உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட் இன்ஜின் இழுக்கும் காற்றில் கலந்து சிலிண்டருக்குப் போகும். வெண்புகை, மிஸ், இறங்கும் முள் எல்லாம் அப்படியே இருக்கும். புகையின் அழுத்தம் கூலண்டுக்குள் புகுந்தால் நீலத் திரவம்கூட நிறம் மாறும். கூலரைத் தனியே கழற்றி, கூலண்ட் போகும் இரு முனையையும் அடைத்து, தண்ணீரில் மூழ்கவைத்து அந்த வழிக்குள் காற்றேற்றினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஹெட்டைக் கழற்றும் வேலையோடு ஒப்பிட்டால் இது சிறிய வேலை. இதைச் செய்யாமல் ஹெட்டைத் தூக்கும் பட்டறையை நான் நம்பமாட்டேன்.

முடிவு தெரியும்வரை குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்ட வேண்டாம். சிலிண்டரில் தண்ணீர் தேங்கிய நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். பின்னால் ஊழியர்களை ஏற்றிக்கொண்டு தீவு விரைவுச்சாலையில் கொதித்து நிற்கக்கூடிய லாரியை ஓட்டுவது, அவர்கள் உயிரோடு விளையாடுவது.

கேஸ்கட்தான் என்று உறுதியானால் வாகன உரிமைச் சான்றிதழில் எவ்வளவு காலம் மீதி என்று பாருங்கள். 10 ஆண்டு தாண்டிய சரக்கு வாகனத்துக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை சோதனை. 20 ஆண்டுக்கு மேல் ஓட்டவே முடியாது. நான்கைந்து ஆண்டுகள் மீதி இருந்தால் ஹெட்டைச் சமன்படுத்தி, விரிசல் சோதித்து, முழுமையாகச் செய்யுங்கள். சில மாதங்களே மீதி, புதுப்பிக்கும் எண்ணமும் இல்லை என்றால் அந்தப் பணத்தை அடுத்த லாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.