ஆறு புள்ளி அந்துப்பூச்சியா, தங்க நச்சுத்தவளையா?

பினாங்கின் தெலுக் பாஹாங் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையிலிருந்து 101ஆம் எண் பேருந்தில் திரும்பும்போது அண்ணன் மகள் கேட்டாள்: "அத்தை, பூச்சிக்கு விஷம் ஜாஸ்தியா, தவளைக்கா?" கொம்தார் பேருந்து நிலையம் வந்த பிறகும் நான் பதில் சொல்லி முடிக்கவில்லை.

வீரியம்தான் கணக்கு என்றால் தவளைதான். கொலம்பியாவின் பசிபிக் கரையோர மழைக்காட்டில் வாழும் தங்க நச்சுத்தவளை சுமார் 5 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனால் அதன் தோலில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் பேட்ரகோடாக்சின் இருக்கும். நரம்பிலும் தசையிலும் சோடியம் நுழையும் வாசல்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும் நஞ்சு அது. இதயம் தாளம் தவறி நின்றுபோகும். அங்குள்ள எம்பெரா பழங்குடியினர் ஒரு காலத்தில் ஊதுகுழல் அம்பின் முனையை இதன் முதுகில் தேய்த்துக்கொண்டுதான் வேட்டைக்குப் போவார்கள். ஐரோப்பியப் புல்வெளிகளில் பட்டப்பகலில் பறக்கும் ஆறு புள்ளி அந்துப்பூச்சி, கறுத்த சிறகும் சிவப்புப் புள்ளியுமாக எவ்வளவு மிரட்டினாலும், இதன் கிட்டவே வர முடியாது.

இருந்தாலும் என் மனம் பூச்சியின் பக்கம்தான் சாய்கிறது. தவளையின் விஷம் காட்டில் அது தின்னும் இரையிலிருந்து வருகிறது. வளர்ப்பிடத்தில் பிறந்து வளர்ந்த தவளையிடம் மஞ்சள் நிறம் மட்டும் இருக்கும், நஞ்சு இருக்காது. பூச்சியோ புழுவாக இருக்கும்போது பயறு இனச் செடியின் இலையைத் தின்று லினமாரின் என்ற நச்சுப்பொருளைச் சேர்த்து வைக்கிறது. இலையில் போதவில்லையா, சரி, தன் உடம்பிலேயே செய்துகொள்கிறது! அதற்கு மூன்றே நொதிகள். செடியும் பூச்சியும் ஒரே செய்முறைக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கின்றன என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்புறம், இணை சேரும்போது ஆண் பூச்சி தன் நஞ்சில் ஒரு பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. சீர் வரிசை மாதிரி.

இந்த லினமாரின் நமக்குப் புதியதல்ல. மரவள்ளிக்கிழங்கில் இருப்பதும் இதுதான். திசு நசுங்கினால் இதிலிருந்து சயனைடு வெளியேறும். மலாயாவை ஜப்பான் பிடித்திருந்த ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் கிழங்கைத் தின்றே நாளைக் கடத்திய எங்கள் பாட்டி, தோலைத் தடிமனாகச் சீவி, ஊறவைத்து, அவித்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தட்டில் வைப்பார். காரணம் கேட்டால், "பித்தம் ஏறும்" என்பார்.

அன்று இரவு வீட்டில் கிழங்கு அவித்தோம். தண்ணீரை வடிக்கும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.