வலப்பக்க சீட் வேண்டாம்: யாரா பள்ளத்தாக்கு ஒருநாள் பஸ் டூர்

மெல்பர்னில் மகள் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பேரனுக்குப் பள்ளிக்கூடம், மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை. நானும் எங்கள் வீட்டுக்காரரும் பகல் முழுக்க ஜன்னல் வழியாக எதிர்வீட்டு நாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதைப் பார்த்துப் பொறுக்காமல் மகள் இந்த டூரை புக் பண்ணிவிட்டாள். "திராட்சைத் தோட்டமெல்லாம் காட்டுறாங்களாம்மா, போயிட்டு வாங்க" என்றாள்.

எங்களுக்குச் சுருளிப்பட்டி. கம்பம் பள்ளத்தாக்கில் 30 வருடமாகப் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து பார்த்தே கழுத்து தேய்ந்தவள் நான். எனக்குத் திராட்சைத் தோட்டம் காட்ட ஆளுக்கு 195 டாலர். சரி, கட்டிய பணம் திரும்ப வராது என்பதால் கிளம்பினோம்.

கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வழியில் இதே மாதிரி டூர் நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். காலை 8 மணிக்கு ஊர் நடுவில் ஏற்றிக்கொண்டு, டான்டினாங் மலை, பஃபிங் பில்லி ரயில், யாரா பள்ளத்தாக்கில் ஒயின் ருசி பார்த்துச் சாப்பாடு, ஒரு சாக்லேட் கடை, கடைசியாக பிளாக் ஸ்பர் காடு, மாலை 6 மணிக்குத் திரும்ப இறக்கிவிடுவார்கள். கிட்டத்தட்ட 35 பேர். பஸ் சுத்தம், சீட்டில் பெல்ட் கட்டாயம், ஏசி மட்டும் மார்கழிக் குளிர். மார்ச் மாதம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போய்விடாதீர்கள். உள்ளே தண்ணீர் தவிர எதையும் சாப்பிடக்கூடாது. மகள் கட்டிக்கொடுத்த புளிச்சோறு மடியிலேயே மணத்துக்கொண்டு வந்தது.

ஓட்டுநரும் கைடும் ஒரே ஆள்தான். எழுபதை நெருங்கும் மனிதர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மைக்கில் பேசுகிறார். எனக்கு அவருடைய இங்கிலீஷில் பாதிதான் பிடிபட்டது, மீதியை வீட்டுக்காரர் காதில் சொன்னார். அவர் ரிட்டயர்டு வாத்தியார் என்பதால் ஓட்டுநர் சொல்லாததையும் கொஞ்சம் சேர்த்தே சொன்னார்.

பஃபிங் பில்லியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. 1900-இல் மலைக் கிராமங்களின் மரத்தையும் விளைச்சலையும் இறக்கப் போட்ட குட்டி ரயில். தண்டவாளத்தின் அகலமே இரண்டரை அடிதான். எங்கள் பழைய மீட்டர் கேஜ் போடி ரயில் இதற்கு அண்ணன். 1953-இல் மண் சரிந்து வழி அடைபட்டதும் கைவிட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. தாங்களே வேலை செய்து 1962-இல் ஒரு பகுதியை ஓடவைத்தார்கள். இன்றும் கொடி காட்டுகிறவர், டிக்கெட் பார்க்கிறவர் என்று பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பெல்கிரேவிலிருந்து மென்சீஸ் க்ரீக் வரை போனோம். ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கப் போடலாம். சேலையோடு ஏறி உட்காரக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் உட்கார்ந்தேன். மரப்பாலத்தில் வளைந்து போகும்போது கீழே ரோட்டில் காரை நிறுத்திவிட்டு ஜனங்கள் கையாட்டுகிறார்கள். வீட்டுக்காரர் இரண்டு கையையும் ஆட்டினார். 40 வருடத்தில் அவர் அப்படி ஆட்டி நான் பார்த்ததில்லை.

அங்கிருந்து யாராவுக்குப் போகிற வழியில்தான் எனக்கு முதல் கோபம். மான்பல்க், சில்வன் பக்கம் முழுக்க விவசாயம். எரிமலைப் பாறை மக்கிய செம்மண். எங்கள் ஊர்ச் செவல் காடு மாதிரிதான், ஆனால் இன்னும் ஆழம், இன்னும் கருஞ்சிவப்பு. ஸ்ட்ராபெர்ரி, செர்ரி, பூ நாற்று. ஒரு ஆள் டிராக்டரில் பாத்தி போட்டுக்கொண்டிருந்தான். நூல் பிடித்த மாதிரி போட்டான். ஐந்து நிமிடம் நிறுத்தினால் இறங்கி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பேன். நிறுத்தவில்லை. டூர் விளம்பரத்தில் "பசுமையான பண்ணைகள்" என்று போட்டிருக்கிறார்கள். கண்ணாடி வழியாக மணிக்கு 70 கிலோமீட்டரில் பார்க்கிற பண்ணை என்று போட்டிருக்க வேண்டும்.

பிறகு திராட்சை. இங்கே பந்தலே கிடையாது. வேலி மாதிரி நீள நீள வரிசை, மூன்று நான்கு கம்பி, இடுப்பு உயரத்தில் பழம், அதற்கு மேலே நிமிர்ந்து நிற்கிற கொடி. பறவை கொத்தாமல் வரிசைக்கு வரிசை வலை போர்த்தியிருக்கிறது. பறிக்கிறவன் அண்ணாந்து பார்க்கவே வேண்டாம். இத்தனை வருடக் கழுத்துவலி ஞாபகம் வந்தது. ஆனால் வருடத்துக்கு ஒரே ஒரு வெள்ளாமை. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து கொடி தூங்கும்போது கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வார்கள், வசந்தத்தில் துளிர்க்கும், பிப்ரவரி மார்ச் ஏப்ரலில் வெட்டு. எங்கள் பக்கம் கொடிக்குத் தூக்கமே கிடையாது. நாம் கவாத்து செய்கிற நாள்தான் அதற்கு வசந்தம். இரண்டு வருடத்துக்கு ஐந்து வெட்டு என்பது எங்கள் பன்னீர் திராட்சையின் கணக்கு. இதை நான் சொல்ல, வீட்டுக்காரர் ஓட்டுநருக்கு மொழிபெயர்த்தார். ஓட்டுநர் நம்பவில்லை. செல்போனில் எங்கள் தோட்டத்துப் படத்தைக் காட்டிய பிறகும் அரை மனதாகத்தான் தலையாட்டினார்.

இன்னொரு விஷயம். யாராவில் முதல் கொடியை நட்டது 1838-இல், யெரிங் என்ற இடத்தில். மாடு ஓட்டி வந்த ரைரி சகோதரர்கள். எங்கள் பக்கம் 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பார்கள். ஆறு வருடம் நாங்கள் மூத்தவர்கள். இங்கே அதன் பிறகு 1889 பாரிஸ் கண்காட்சியில் பெரிய பரிசு வாங்கியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் 1920-கள் வாக்கில் எல்லாக் கொடியையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மாடு வளர்க்கப் போய்விட்டார்களாம். பாலில் காசு வந்தது. 1960-களின் கடைசியில்தான் மறுபடி நட ஆரம்பித்திருக்கிறார்கள். ஆக, இப்போது பார்ப்பதெல்லாம் எங்கள் வயதுத் தோட்டங்கள்தான்.

தோட்டத்துக்குள் காலை வைக்க முடியாது. வாசலிலேயே எச்சரிக்கைப் பலகை. ஃபிலாக்சரா என்று ஒரு பூச்சி, வேரைத் தின்று கொடியையே சாகடிக்கும், கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். 2006-இல் இந்தப் பள்ளத்தாக்கில் கண்டுபிடித்திருக்கிறார்கள். செருப்பு மண்ணிலும் டயரிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். அதனால் பாதிக்கப்பட்ட தோட்டங்களில் பிடுங்கிவிட்டு, இந்தப் பூச்சியைத் தாங்குகிற அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி நடுகிறார்கள். பலகையைப் படித்ததும் எனக்கு ஏமாற்றம் போய்விட்டது. நான் தோட்டக்காரியாக இருந்தால் 35 பேரை உள்ளே விட மாட்டேன்.

ஒயின் ருசி பார்க்கிற இடம் கல்யாண மண்டபம் போல் இருக்கிறது. நான் குடிப்பதில்லை, எனக்கு எலுமிச்சை சோடா. டிக்கெட் விலையில் அதற்காக ஒரு டாலரும் குறையாது, புக் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு ஐந்து வகை, ஒவ்வொன்றும் ஒரு மடக்கு. பக்கத்தில் துப்புவதற்கு ஒரு வாளி. காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா என்று ஐந்தையும் விழுங்கினார். ஷார்டனே நன்றாக இருக்கிறது என்றார், பினோ நுவாருக்கு முகம் சுளித்தார், கடைசியில் பினோ நுவாரையே ஒரு பாட்டில் வாங்கினார். 38 டாலர். ஒரு பாட்டிலுக்கு ஒன்றேகால் கிலோ பழம் போகுமாம். போன வருடம் நான் தோட்டத்து விலைக்குக் கிலோ 40 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறேன். கணக்குப் போட்டால் சாப்பாடு இறங்காது என்று விட்டுவிட்டேன்.

கவுன்டரில் நின்ற பெண்ணிடம், இந்த ஒயினுக்கான பழத்தை நான் பார்க்க முடியுமா என்று வீட்டுக்காரரை விட்டுக் கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை போல. உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் சின்னக் கொத்து ஒன்றைக் கொண்டுவந்தாள். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய மணி, கருநீலம், இடைவெளியே இல்லாமல் அப்பிக்கொண்டிருக்கிறது. இப்படி நெருக்கமாக இருந்தால் மழை பெய்ததும் உள்ளே அழுகுமே என்று நினைத்துக்கொண்டே வாயில் போட்டேன். தேன். எங்கள் பன்னீரைவிட இனிப்பு, ஆனால் அந்த மணம் இல்லை, தோலும் விதையும்தான் பல்லில் நிற்கிறது. அன்றைக்குக் கொடுத்த 195 டாலரில் 20 டாலர் அந்தக் கொத்துக்கே சரியாகிவிட்டது.

சாப்பாடு சைவம் என்று முன்பே சொல்லியிருந்தும் முதலில் சிக்கன் வந்தது. திருப்பி அனுப்பியதும் மன்னிப்புக் கேட்டு, அடுப்பில் சுட்ட பூசணிக்காய் மேல் சீஸ் தூவிக் கொண்டுவந்தார்கள். நன்றாகவே இருந்தது, பசிக்குப் பற்றாது.

சாக்லேட் கடையில் 50 நிமிடம். ஐம்பது! கடைக்கும் கம்பெனிக்கும் என்ன ஏற்பாடோ. பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் ஓட்டுநரும் வந்து உட்கார்ந்தார். அவர் பால்மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவராம். விடிகாலை நாலரைக்கு எழுந்து பால் கறந்த கதை சொன்னார். எங்கள் வீட்டில் எத்தனை மாடு என்று கேட்டார். இரண்டு என்றேன். பெயர் கேட்டார். சொன்னேன். சிவகாமி என்பதை மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

அந்த 50 நிமிடத்தின் விலை காட்டில்தான் தெரிந்தது. ஹீல்ஸ்வில் தாண்டி பிளாக் ஸ்பர் ரோடு ஏறுகிறது. இருபுறமும் மவுண்டன் ஆஷ் என்கிற யூகலிப்டஸ். ஊட்டியில் நாம் பார்க்கிற தைல மரத்துக்குச் சொந்தக்கார இனம், ஆனால் இதன் உயரம் வேறு. பூக்கும் மரங்களில் உலகிலேயே மிக உயரமானவற்றில் ஒன்று. கிளை இல்லாமல் நேராகப் போகிறது, பஸ் ஜன்னலில் நெற்றியை ஒட்டினாலும் உச்சி தெரியாது. அடியில் ஆள் உயரத்துக்கு மேல் மரப் பெரணி. பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது.

எல்லா மரமும் ஒரே வயது மாதிரி இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநரே சொன்னார். 1939 ஜனவரி 13 காட்டுத்தீயில் இந்தப் பக்கக் காடு எரிந்துபோனது, விக்டோரியாவில் 71 பேர் இறந்தார்கள். இந்த மரம் மற்ற யூகலிப்டஸ் போல் வெட்டினாலும் எரிந்தாலும் துளிர்ப்பதில்லை. கடுந்தீயில் செத்தே போகும், விதை மட்டும் சாம்பலில் விழுந்து முளைக்கும். அதனால்தான் ஒரே வயது. அடுத்து 2009 பிப்ரவரி 7 தீயைப் பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கியது. 173 பேர். மலைக்கு அந்தப் பக்கம் மேரிஸ்வில் என்ற ஊரே போய்விட்டது. வீட்டுக்காரர் அதை மொழிபெயர்க்கவில்லை. எனக்கே புரிந்தது.

ஃபெர்ன்ஷா என்ற இடத்தில் நிறுத்தினார்கள். 15 நிமிடம். பெஞ்சில் புளிச்சோற்றைப் பிரித்தோம். இங்கே ஒரு கிராமம் இருந்ததாம். மெல்பர்னுக்குக் குடிதண்ணீர் இந்த மலையிலிருந்து போகிறது என்பதற்காக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊரையே விலைக்கு வாங்கிக் காலி செய்திருக்கிறார்கள். இன்றும் நீர்ப்பிடிப்புக் காட்டுக்குள் யாரும் போக முடியாது. 1895-இல் முல்லைப் பெரியாறு தண்ணீர் வந்ததால் பிழைத்த பள்ளத்தாக்குக்காரிக்கு இது கதை இல்லை. ஓட்டுநர் இன்னொன்றும் சொன்னார். காடு எரிந்து புதிதாக வளரும் இளம் மரங்கள் கிழட்டு மரங்களைவிட அதிகத் தண்ணீர் குடிக்குமாம், தீக்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஓடையில் வரத்து குறையுமாம். வளரும் பிள்ளைக்குத்தான் பசி அதிகம் என்றேன். வீட்டுக்காரர் அதைச் சொன்னதும் ஓட்டுநர் சிரித்தார். இன்னும் கேட்க ஆயிரம் இருந்தது. "நேரமாச்சு" என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார். கால அட்டவணை போட்டது அவர் இல்லை, பாவம்.

யாருக்குச் சொல்வேன்? வண்டி ஓட்டத் தெரியாமல் பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடக்கிற எங்களைப் போன்ற அப்பா அம்மாக்கள் தாராளமாகப் போகலாம். ஏறி இறங்கப் படிகள் அதிகம் இல்லை, கழிப்பறைக்கு எங்கும் கஷ்டப்படவில்லை. புக் செய்யும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள், காட்டில் எத்தனை நிமிடம், கடையில் எத்தனை நிமிடம் என்று. சாக்லேட் கடை இல்லாத டூர் கிடைத்தால் விடாதீர்கள். சீட் இடப்பக்கம் வாங்குங்கள். நாங்கள் வலப்பக்கம் உட்கார்ந்து, பிளாக் ஸ்பர் ஏறும்போது பாதி நேரம் எதிரே வந்த லாரியைத்தான் பார்த்தோம். நான் இறங்கும்வரை எழுந்து இடப்பக்கத்து ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன், பெல்ட் போடுங்கள் என்று மைக்கில் இரண்டு தடவை திட்டு வாங்கினேன்.